ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' சத்தமா? பெட்டியைத் திறக்கும் முன் செய்து பார்க்க வேண்டியவை

எங்கள் வீட்டு ஆம்பிளிபையரில் மூன்று மாதமாக ஒரு ஹம்மிங் இருந்தது. பாட்டு சத்தமாக ஓடும்போது தெரியாது. விடிகாலையில் அப்பா வால்யூமைக் குறைத்து வைத்துக் கச்சேரி கேட்பார். அப்போது தம்புராவுக்கு அடியில் சுருதி சேராத இன்னொரு தம்புரா போல 'ம்ம்ம்' என்று கேட்கும். முதலில் ஒயரை மாற்றினேன், போகவில்லை. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கெப்பாசிட்டர் போய்விட்டது என்று இரண்டை மாற்றிக் கொடுத்தார்கள். கடையில் போட்டுப் பார்த்தபோது சுத்தமாக இருந்தது. வீட்டில் மாட்டியதும் பழையபடி 'ம்ம்ம்'. பிறகு ஒரு நாள் சாயங்காலம் இடி இடிக்க ஆரம்பித்தது. அப்பா எழுந்துபோய் செட்டாப் பாக்ஸின் பின்னால் இருந்த கேபிள் ஒயரைக் கழற்றிப் போட்டார். அந்த நொடியே ஹம்மிங் நின்றது.

ஆம்பிளிபையரில் கோளாறே இல்லை. இரண்டு பெட்டிகளுக்கு நடுவே இருந்த ஒயர் வழியாக வந்த சத்தம் அது. அதற்குப் பிறகு தெரிந்தவர்கள் வீடுகளில் எத்தனையோ செட்டுகளைப் பார்த்துவிட்டேன். பெரும்பாலும் கதை இதுதான்: குறை பெட்டிக்கு வெளியே இருக்கும், ஆனால் திறக்கப்படுவது பெட்டிதான். அதனால் புதிதாக ஆடியோ செட் வாங்கியவர்களும், பழைய செட்டைத் தூசி தட்டி எடுத்தவர்களும், பணம் செலவழிக்கும் முன் வீட்டிலேயே செய்து பார்க்க வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். ஒரு டார்ச், ஒரு பழைய ஆர்சிஏ ஒயர் (சிவப்பு, வெள்ளை பின் உள்ள ஆடியோ ஒயர்), முடிந்தால் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர், இவ்வளவு போதும்.

முதலில் காதால் கேளுங்கள்

எதையும் கழற்றாமல், பாட்டை நிறுத்திவிட்டு, மின்விசிறியையும் அணைத்துவிட்டு ஸ்பீக்கர் பக்கத்தில் காதை வையுங்கள். சத்தம் எந்த ரகம்?

மெத்தென்று ஆழமான 'ம்ம்ம்' என்றால் அது பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ். நம் வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று அடிக்கிறது. அது எர்த் வழியாகவோ, ஷீல்டு (நடு ஒயரைச் சுற்றியுள்ள உலோகப் பின்னல்) சரியில்லாத ஒயர் வழியாகவோ சிக்னலுக்குள் புகுந்தால் இந்தச் சத்தம் வரும். அதைவிடச் சற்று மேல் சுருதியில், கொஞ்சம் சொரசொரப்பாக 'ஜ்ர்ர்ர்' என்று வந்தால் 100 ஹெர்ட்ஸ். ஆம்பிளிபையருக்குள் ஏசியை டிசியாக மாற்றும் டயோடுகள் அலையின் கீழ்ப்பாதியையும் மேலே திருப்பிவிடுவதால் 50 என்பது 100 ஆகிறது. அதைச் சமன் செய்யும் பெரிய கெப்பாசிட்டர்கள் தளர்ந்தால் இது கேட்கும். எர்த் கோளாறிலும் மேல் சுருதிகள் கலந்து வரலாம் என்பதால் இதை ஒரு துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் பிரித்தறியக் காது பழகவில்லையா? போனில் டோன் ஜெனரேட்டர் என்று தேடினால் இலவசச் செயலி கிடைக்கும். ஹெட்போன் மாட்டிக்கொண்டு 50, 100 இரண்டையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். போனின் சொந்த ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் கேட்காது, அதனால் ஹெட்போன் அவசியம்.

இன்னொன்றையும் இப்போதே பார்த்துவிடுங்கள். சத்தம் ஸ்பீக்கரிலிருந்து வருகிறதா, ஆம்பிளிபையர் பெட்டியிலிருந்தே வருகிறதா? பெட்டியே முனகினால் அது டிரான்ஸ்பார்மரின் அதிர்வு. அதன் தகடுகள் கொஞ்சம் தளர்ந்திருக்கலாம், அல்லது வீட்டில் அந்த நேரம் வோல்டேஜ் ஏறியிருக்கலாம். பெட்டிக்கு அடியில் ரப்பர் கால் வைத்தாலே பலமுறை அடங்கிவிடும். டிரான்ஸ்பார்மர் கை வைக்க முடியாதபடி சுட்டால் மட்டும் கவலைப்படுங்கள்.

வால்யூம் திருகல்

எனக்குத் தெரிந்ததிலேயே அதிகம் சொல்லும் சோதனை இதுதான், ஒரு பைசா செலவில்லை. பாட்டு ஓடாதபோது ஆம்பிளிபையரின் வால்யூமை மெதுவாக ஏற்றி இறக்குங்கள்.

சத்தமும் கூடவே ஏறி இறங்கினால், வால்யூமுக்கு முன்னால் இருப்பவற்றில் கோளாறு. அதாவது டிவி, போன், லேப்டாப், அவற்றிலிருந்து வரும் ஒயர். வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தாலும் அதே அளவு முனகினால், கோளாறு வால்யூமுக்குப் பின்னால். அங்கே இருப்பது பவர் சப்ளையும், ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப் பகுதியும். பாதி வால்யூமில் அதிகமாகவும், பூஜ்யத்திலும் முழுசிலும் குறைவாகவும் வந்தால், வால்யூம் கண்ட்ரோலையோ அதற்குப் போகும் ஒயரின் எர்த்தையோ சந்தேகப்படலாம். கடையில் அசெம்பிள் செய்த செட்டுகளில் இது அடிக்கடி வரும்.

அடுத்தது இடவலம் மாற்றல். ஒரு பக்கத்தில் மட்டும் சத்தம் வந்தால், செட்டை அணைத்துவிட்டு, ஆம்பிளிபையரின் பின்னால் இடது வலது ஸ்பீக்கர் ஒயர்களை மாற்றிச் செருகுங்கள். சத்தம் மற்ற ஸ்பீக்கருக்குத் தாவிவிட்டால் ஸ்பீக்கர் நல்லது. தாவாமல் அதே ஸ்பீக்கரில் நின்றால் குறை ஸ்பீக்கரிலோ அதன் ஒயரிலோ. ஸ்பீக்கர் நல்லது என்று தெரிந்ததும் அதேபோல உள்ளே வரும் சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ பின்களை மாற்றிப் பாருங்கள். சத்தம் பக்கம் மாறினால் பிளேயரோ ஒயரோ குற்றவாளி. மாறவில்லையென்றால் ஆம்பிளிபையர். ஸ்பீக்கர் ஒயரைச் செருகும்போது செம்பு இழை ஒன்றுகூட வெளியே நீண்டு பக்கத்து முனையைத் தொடக்கூடாது. அந்த ஒரு இழை போதும், ஆம்பிளிபையரின் அவுட்புட் ஐசி சிப் போய்விடும்.

பழைய ஆர்சிஏ ஒயர் எதற்கு என்று கேட்பீர்கள். அதன் ஒரு முனையை ஐந்து சென்டிமீட்டரில் வெட்டி, உள்ளே இருக்கும் நடு ஒயரையும் சுற்றியுள்ள பின்னலையும் ஒன்றாக முறுக்கிவிடுங்கள். இப்படி இரண்டு செய்து, மற்ற எல்லா ஒயரையும் எடுத்துவிட்டு, ஆம்பிளிபையரின் இன்புட்டில் மாட்டுங்கள். இன்புட்டுக்கு எந்தச் சிக்னலும் போகாது, காற்றிலிருந்தும் எதையும் பிடிக்காது. இந்த நிலையில் செட் அமைதியானால் ஆம்பிளிபையருக்கு நற்சான்று கொடுத்துவிடலாம். இதை இன்புட்டில் மட்டும்தான் மாட்ட வேண்டும். ஸ்பீக்கர் அவுட்புட் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

எர்த் சுற்று

எங்கள் வீட்டில் நடந்தது இதுதான், விரிவாகச் சொல்கிறேன். ஆம்பிளிபையரின் மூன்று பின் பிளக் வழியாக அதன் உலோகப் பெட்டி வீட்டு எர்த்தோடு சேர்ந்திருக்கிறது. தெருக் கம்பத்திலிருந்து வரும் கேபிள் டிவி ஒயரின் வெளிப் பின்னலோ வேறெங்கோ எர்த் ஆகியிருக்கிறது. இரண்டு எர்த்தும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை, நடுவில் ஒன்றிரண்டு வோல்ட் வித்தியாசம் இருக்கும். கேபிள் ஒயர் செட்டாப் பாக்ஸில் சேர்கிறது, அங்கிருந்து ஆர்சிஏ ஒயர் ஆம்பிளிபையருக்கு வருகிறது. ஆக ஒரு வளையம் முழுமையாகிறது. அந்த வித்தியாசத்தால் ஆர்சிஏ ஒயரின் ஷீல்டு வழியே சின்ன கரண்ட் ஓடுகிறது. சிக்னல் திரும்பி வரும் பாதையும் அதே ஷீல்டுதான் என்பதால் அந்த 50 ஹெர்ட்ஸ் பாட்டோடு கலந்துவிடுகிறது. கடையில் கேபிள் டிவி இல்லை, அதனால்தான் அங்கே சுத்தமாக இருந்தது.

கண்டுபிடிப்பது எளிது. ஹம் வந்துகொண்டிருக்கும்போதே ஆம்பிளிபையரோடு சேர்ந்தவற்றை ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். முதலில் கேபிள் டிவி அல்லது டிஷ் ஒயர். அப்புறம் லேப்டாப் சார்ஜர். அப்புறம் கம்ப்யூட்டர், கேம் பெட்டி, சப்வூபர். ஒரு நேரத்தில் ஒன்றுதான், இரண்டைச் சேர்த்துக் கழற்றினால் குழப்பம்தான் மிஞ்சும். எதை எடுத்ததும் நிற்கிறதோ அதுதான் வளையத்தின் இன்னொரு கை. கேபிள் ஒயரை எடுக்கும்போது மட்டும் டிவியையும் செட்டாப் பாக்ஸையும் அணைத்துவிட்டு, பிளாஸ்டிக் உறையைப் பிடித்து எடுங்கள். சில வீடுகளில் அந்த ஒயரின் உலோக முனை சுருக்கென்று ஷாக் அடிக்கும்.

கண்டுபிடித்த பிறகு செலவில்லாத வழியிலிருந்து தொடங்குங்கள். டிவி, செட்டாப் பாக்ஸ், ஆம்பிளிபையர் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுங்கள். எர்த் எல்லாருக்கும் ஒரே புள்ளியில் கிடைத்தால் வளையம் சுருங்கி ஹம்மும் குறையும். (அந்தப் பாக்ஸில் அயர்ன் பாக்ஸைச் சேர்க்க வேண்டாம்.) போகவில்லையென்றால் கேபிள் ஒயரின் நடுவே மாட்டும் ஐசோலேட்டர் ஒன்று கிடைக்கும், சிக்னலைப் போகவிட்டு, ஷீல்டின் தொடர்பை மட்டும் அறுக்கும். லேப்டாப், கம்ப்யூட்டர் என்றால் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்று கேட்டு வாங்கி, ஆடியோ ஒயரின் நடுவே போடுங்கள். சென்னையில் ரிச்சி தெருவில் சாதாரணமாகக் கிடைக்கும். உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்பார்மர்தான் இருக்கிறது, மிக மலிவானதில் அடித்தொனி கொஞ்சம் மெலியும். டிவியில் ஆப்டிகல் அவுட் (ஒலியை வெளிச்சமாக அனுப்பும் இணைப்பு) இருந்தால் எனக்குப் பிடித்த தீர்வு அதுதான். வெளிச்சத்தில் எர்த் ஏது? ஆம்பிளிபையரில் ஆப்டிகல் இன்புட் இல்லாவிட்டால் அந்த டிஜிட்டல் சிக்னலைச் சாதாரண ஆடியோவாக மாற்றும் சின்ன 'டேக்' (DAC) பெட்டி ஒன்று வாங்க வேண்டும். அதை மாட்டியும் சத்தமே வரவில்லையென்றால் பயப்படாதீர்கள், டிவியின் செட்டிங்கில் ஆடியோவை பிசிஎம் என்று மாற்றுங்கள், வந்துவிடும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லியாக வேண்டும். பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிட்டால் ஹம் போய்விடும் என்று சொல்லிக்கொடுப்பார்கள். போகும், பொய்யில்லை. ஆனால் நாளை உள்ளே ஒரு ஒயர் உருகிப் பெட்டியைத் தொட்டால், அந்த உலோகப் பெட்டி முழுக்க 230 வோல்ட் நிற்கும். ஆர்சிஏ ஒயர் வழியாக டிவிக்கும் அது போகும். வீட்டில் குழந்தை இருக்கிறது, ஈரக் கையோடு வருபவர்கள் இருக்கிறார்கள். ஒரு முனகலுக்காக இதைச் செய்யாதீர்கள். யாராவது ஏற்கெனவே வெட்டியிருந்தால் இன்றைக்கே பிளக்கை மாற்றுங்கள்.

எர்த்தே இல்லாத வீடுகளும் உண்டு. மூன்று ஓட்டை சாக்கெட் இருக்கும், உள்ளே எர்த் ஒயர் இருக்காது. பெட்டியில் கை பட்டால் ஜிவ்வென்று இருப்பது, பெட்டியைத் தொட்டதும் ஹம் குறைவது, இரண்டும் அதற்கு அடையாளம். எலக்ட்ரீஷியனை அழைத்து மீட்டர் வைக்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் (கரண்ட் வரும் ஒயர்) நியூட்ரலுக்கும் (கரண்ட் திரும்பும் ஒயர்) நடுவே 230 அளவில் இருக்கும். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே கிட்டத்தட்ட அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட்தான் இருக்க வேண்டும். தனி வீடு என்றால் எர்த் குழி காய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கோடையில் அதில் தண்ணீர் ஊற்றுவது நம் பெரியவர்கள் விடாமல் செய்த வேலை. மண் ஈரமாக இருந்தால்தான் எர்த் வேலை செய்யும்.

இரண்டு பின் பிளக் உள்ள பழைய செட் என்றால் பிளக்கைத் திருப்பிச் செருகிப் பாருங்கள். டிரான்ஸ்பார்மரின் எந்த முனைக்குப் பேஸ் போகிறது என்பதைப் பொறுத்து ஹம் கூடும், குறையும். ரெக்கார்டு பிளேயர் வைத்திருப்பவர்கள் அதன் மெல்லிய எர்த் ஒயர் ஆம்பிளிபையரின் பின்பக்க ஸ்குரூவில் மாட்டியிருக்கிறதா என்று பார்த்தால் போதும், பெரும்பாலும் அதுதான் விட்டுப்போயிருக்கும்.

காற்றிலும் லைனிலும் வருவது

'டிட்டிட்டி டிட்டிட்டி' என்று கேட்டுவிட்டு அடுத்த நொடி போன் அடித்தால், அது போனின் வேலை. 2ஜி நெட்வொர்க்கில் போன் நொடிக்கு 217 முறை விட்டு விட்டு அலையை அனுப்பும். ஆம்பிளிபையரின் ஒயர் ஆன்டெனா போல அதைப் பிடித்துக்கொள்ளும். போனை ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் முடிந்தது.

மின்விசிறியை ஒன்றில் அல்லது இரண்டில் வைக்கும்போது மட்டும் 'ஜ்ஜ்ஜ்' வந்தால், படிப்படியாக நிற்காமல் ஒரே சீராகத் திருகும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர்தான் காரணம். அது ஒவ்வொரு அலையையும் நடுவில் வெட்டி வெட்டி அனுப்புவதால் லைன் முழுக்க இரைச்சல் பரவும். கெப்பாசிட்டர் வைத்த ஸ்டெப் ரெகுலேட்டருக்கு மாற்றுங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஓடும்போது மட்டும் சத்தம் வந்தால், அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருக்கும், செட்டைத் திறந்து ஒன்றும் ஆகப்போவதில்லை. சைன் வேவ் இன்வெர்ட்டரில் இந்தத் தொல்லை இல்லை. ஒயர்களையும் கொஞ்சம் பாருங்கள்: ஆர்சிஏ ஒயரும் கரண்ட் ஒயரும் ஒன்றாகக் கட்டிக் கிடக்கக்கூடாது. குறுக்கே போக வேண்டியிருந்தால் கூட்டல் குறி போலக் கடக்கட்டும்.

கரகர, டப் டப்

வால்யூமைத் திருகும்போது மட்டும் 'கரகர' என்றால் உள்ளே தூசி. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, திருகியை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் முப்பது தடவை சுழற்றுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே சரியாகிவிடும். இல்லையென்றால் எலக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனரை அதன் சந்தில் சிறிதாக அடித்து, மறுபடி சுழற்றி, நன்றாகக் காய்ந்த பிறகே போடுங்கள். தயவுசெய்து தையல் மிஷின் எண்ணெய் விடாதீர்கள். இரண்டு நாள் நன்றாக இருக்கும், அப்புறம் எண்ணெயில் தூசி ஒட்டி முன்பைவிட மோசமாகும்.

திருகாமலே விட்டு விட்டு 'டப் டப்' என்றால் எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது. ஒயர்களை ஒவ்வொன்றாக லேசாக அசைத்துப் பாருங்கள். கடலோர ஊர்களில் ஸ்பீக்கர் ஒயரின் செம்பு பச்சை பிடித்துவிடும், ஒரு சென்டிமீட்டர் வெட்டிப் புதிதாகச் சீவி முறுக்கி மாட்டினால் பளிச்சென்று மாறும்.

ஸ்பீக்கரே கத்துகிறதா

அணைத்துவிட்டு, வூபரின் (அடித்தொனிக்கான பெரிய ஸ்பீக்கர்) காகிதக் கூம்பில் இரண்டு கைக் கட்டைவிரல்களையும் எதிரெதிரே வைத்து மெதுவாக, சமமாக உள்ளே தள்ளுங்கள். வழுக்கிக்கொண்டு போய்த் திரும்பினால் நல்லது. மணல் உரசுவது போல 'சரசர' என்றால் உள்ளே காயில் காந்தத்தில் தேய்கிறது. அது ரீகோன் செய்பவரிடம், அதாவது கூம்பையும் காயிலையும் மாற்றிக் கொடுப்பவரிடம் போக வேண்டிய வேலை. கூம்பைச் சுற்றியுள்ள பஞ்சு வளையத்தையும் பாருங்கள். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு அது சில வருடங்களில் பொடியாகிவிடும். பஞ்சு வளையம் மட்டும் தனியாக வாங்கி ஒட்டலாம், ஸ்பீக்கரைத் தூக்கி எறிய வேண்டாம்.

சில சமயம் சத்தம் ஸ்பீக்கரிலேயே இருக்காது. ஒரு முறை வூபர் கிழிந்துவிட்டது என்று என்னை அழைத்தார்கள். டோன் ஜெனரேட்டரை ஆம்பிளிபையரில் மாட்டி, மிதமான சத்தத்தில் 30 ஹெர்ட்ஸிலிருந்து மெதுவாக ஏற்றிக்கொண்டே போனேன். 70-ஐத் தாண்டியதும் 'கிர்ர்ர்' என்றது, ஷோகேஸின் நகரும் கண்ணாடி! இரண்டு கண்ணாடிக்கும் நடுவே மடித்த காகிதத்தைச் செருகியதும் வூபர் குணமாகிவிட்டது.

உள்ளே பார்க்க வேண்டியவர்களுக்கு

வால்யூம் பூஜ்யத்திலும் 100 ஹெர்ட்ஸ் ஹம், முறுக்கிய ஆர்சிஏ பின்னை மாட்டி இன்புட்டை மூடினாலும் போகவில்லை, செட்டுக்கும் பத்துப் பதினைந்து வயது என்றால் மெயின் கெப்பாசிட்டர்தான். மேல்முனை உப்பியிருக்கும், அல்லது அடியில் கசிந்திருக்கும். மாற்றும்போது மைக்ரோபாரட் அளவு அதே, வோல்ட் அதே அல்லது கூடுதல், பிளஸ் மைனஸ் மாறவே கூடாது. சாலிடரிங் பழக்கம் இல்லாதவர்கள் இதைத் தொட வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் கரண்ட் தேங்கி நிற்கும். பெரிய டிரான்ஸ்பார்மர் இல்லாத எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்சிங் பவர் சப்ளை) வகையில் அது 300 வோல்ட்டுக்கு மேல்.

4440, 2030 போன்ற ஆம்பிளிபையர் ஐசி போட்டு அசெம்பிள் செய்த செட்டுகளில் தனிக் குறை ஒன்று உண்டு. ஆக்ஸில் (ஒயர் மாட்டும் இன்புட்) சுத்தமாக இருக்கும், புளூடூத்துக்கோ பென் டிரைவுக்கோ மாற்றினால் மட்டும் 'கீ... டிக்டிக்' என்று பூச்சி கத்தும். யுஎஸ்பி போர்டும் ஆம்பிளிபையரும் ஒரே சப்ளையையும் ஒரே கிரவுண்டையும் பங்கு போடுவதால் வருவது அது. போர்டுக்குள் இருக்கும் டிஜிட்டல் சிப்பின் துடிப்பு கிரவுண்ட் வழியாக ஆடியோவில் ஏறுகிறது. போர்டுக்குத் தனியாக ஒரு 5 வோல்ட் சப்ளை கொடுங்கள், அல்லது பி0505எஸ் போன்ற ஐசோலேட்டட் கன்வெர்ட்டரை நடுவில் போடுங்கள். கூடவே எல்லா கிரவுண்ட் ஒயர்களையும் மெயின் கெப்பாசிட்டரின் ஒரே புள்ளியில் கொண்டுவந்து சேர்த்தால் பூச்சியும் போகும், ஹம்மும் போகும்.

கடைசியாக அந்த 'ஸ்ஸ்ஸ்'. ட்வீட்டரில் (மேல் சுருதிக்கான சின்ன ஸ்பீக்கர்) காதை ஒட்டினால் மட்டும் கேட்கிறது என்றால் விட்டுவிடுங்கள், எல்லா ஆம்பிளிபையரிலும் கொஞ்சம் இருக்கும். உட்காருமிடம் வரை கேட்டால் போனின் வால்யூமைப் பாருங்கள். போனைப் பாதியில் வைத்துவிட்டு ஆம்பிளிபையரின் வால்யூமை முழுக்கத் திறந்தால் அந்த 'ஸ்ஸ்ஸ்' சத்தமும் சேர்ந்து பெரிதாகும். போனை எண்பது, தொண்ணூறு சதவீதத்தில் வைத்து, ஆம்பிளிபையரைக் குறையுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் கடைக்குப் போக வேண்டியிருந்தால் 'சத்தம் வருது' என்று மட்டும் சொல்லி இறக்கிவிட்டு வராதீர்கள். வால்யூமை மூடினாலும் வருகிறது, இடது பக்கம் மட்டும், ஸ்பீக்கரை மாற்றிப் பார்த்தாயிற்று, இன்புட்டை மூடியும் பார்த்தாயிற்று என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டிக் கொடுங்கள். நல்ல மெக்கானிக்குக்கு அந்த நான்கு வரி அரை நாள் வேலையை மிச்சப்படுத்தும். அவர் முன்னாலேயே போட்டுக் காட்டும்போது சத்தம் வரவில்லையென்றால், எதையும் மாற்றச் சொல்லாமல் செட்டைத் திரும்ப வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வாருங்கள். கேபிள் ஒயரைக் கழற்றிப் பார்ப்பதிலிருந்து மறுபடி தொடங்கலாம்.